சரக்கு இறங்கிய பிறகு: மறுப்பவரின் உரிமையும் கடமையும்

(ஈரோட்டில் ஜவுளி, மஞ்சள் வணிகர்களும் சிறுதொழில் முனைவோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, உங்கள் கிடங்கு வாசலில் எந்த நாளும் எழக்கூடிய ஒரு கேள்வி. விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து வரவழைத்த சரக்கு வந்து இறங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தால் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று. இப்போது வாங்கியவர் என்ன செய்யலாம்? என்ன செய்தாக வேண்டும்? எதைச் செய்யவே கூடாது?

இந்தக் கேள்விக்கு நம் ஊர்களில் பெரும்பாலும் எப்படிப் பதில் கிடைக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். துணி அனுப்பிய தறிக்காரர் போன் போடுவார். "அண்ணா, சரக்கு வந்து சேர்ந்துதுங்களா? பணம் எப்பங்க வரும்?" இந்தப் பக்கமிருந்து பதில் வரும்: "வந்துது, வந்துது. அடுத்த வாரம் பாத்துக்கலாம்ப்பா." அடுத்த வாரம் அடுத்த மாதமாகும். மூன்றாவது முறை கொஞ்சம் அழுத்திக் கேட்டதும் குரல் மாறும்: "பணம் பணம்ங்கிறியே, அந்தத் துணி சரியில்லைப்பா. அங்கங்க கோடு விழுந்திருக்கு. நீ வேணும்னா வந்து எடுத்துட்டுப் போ." அதற்குள் துணியில் பாதி சாயப்பட்டறைக்குப் போயிருக்கும்.

இந்த உரையாடலில் யார் பக்கம் நியாயம்? துணியில் உண்மையிலேயே கோடு விழுந்திருக்கலாம். ஆனாலும் வாங்கியவர் தம் உரிமையைத் தாமே தொலைத்துவிட்டார். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான். சரியில்லாத சரக்கை மறுக்கும் உரிமையைச் சட்டம் வாங்குபவருக்கு மிக வலுவாகத் தந்திருக்கிறது. ஆனால் உரிய நேரத்தில் பார்த்து, உரிய நேரத்தில் வாய் திறந்து சொல்பவருக்குத்தான் அந்த உரிமை நிற்கும். அப்படிச் சொல்வது வாங்குபவருக்குப் பாதுகாப்பு. விற்பவருக்கோ அது வாழ்வாதாரம்.

சட்டத்தின் வேர்

நம் கொள்முதல், விற்பனை எல்லாவற்றையும் ஆள்வது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் விற்பனை பற்றிய விதிகள் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு, 1893ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தைப் பின்பற்றி 66 பிரிவுகளில் புதிதாக இயற்றினார்கள். அந்த ஆங்கிலேயச் சட்டத்தை வரைந்த மெக்கன்சி சால்மர்ஸ் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர்; பின்னாளில் வைஸ்ராய் அவையில் சட்ட உறுப்பினராகவும் பொறுப்பு வகித்தவர்.  ஆகவே இங்கிலாந்தின் நூற்பாலைகளிலும் துறைமுகங்களிலும் எழுந்த பழைய வழக்குகள் இன்றும் நம் சட்டத்தைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. அவற்றில் சிலவற்றைச் சொல்லப்போகிறேன். அவை துணி, கோதுமை, பழ டின், மரச்சட்டம் பற்றியவை. உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

இறக்கி வைப்பது ஏற்பு ஆகாது

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று. சரக்கு உங்கள் கைக்கு வந்துவிட்டதாலேயே அதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஒப்படைப்பு வேறு, ஏற்பு வேறு. சட்டத்தின் 41ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. முன்பே பார்த்திராத சரக்கு உங்களிடம் ஒப்படைக்கப்பட்டால், அது ஒப்பந்தப்படி இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை நீங்கள் அதை ஏற்றதாகக் கருத முடியாது. விற்பவர் ஒப்படைக்க முன்வரும்போது, "பார்த்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் கேட்டால், வேறு ஏற்பாடு பேசியிருந்தாலொழிய, அந்த வாய்ப்பை அவர் தந்தே ஆக வேண்டும்.

ஆகவே லாரி ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று யாரும் மனம் தளர வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்து இத்தனை மூட்டை வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் சான்று. உள்ளே இருக்கும் சரக்கின் தரத்துக்கு நீங்கள் அங்கே சம்மதம் எழுதித் தரவில்லை. ஆனால் மூட்டை நனைந்திருந்தால், கட்டுப் பிரிந்திருந்தால், எண்ணிக்கை குறைந்திருந்தால், அந்த இடத்திலேயே ரசீதில் எழுதி, ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வழியில் நேர்ந்த சேதத்துக்கு லாரி நிறுவனத்தின்மேல் வழக்குப் போட வேண்டி வந்தால், சரக்கு பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். அது தனிக் கணக்கு. விற்பவரிடம் சொல்ல வேண்டியதை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

எப்போது மறுக்கலாம்?

மனத்துக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது. ஒப்பந்தத்தின் வேராக இருக்கும் நிபந்தனை மீறப்பட்டிருக்க வேண்டும். எழுதாவிட்டாலும் எல்லா விற்பனையிலும் இருப்பதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும் நிபந்தனைகள் சில உண்டு. 15, 16, 17ஆம் பிரிவுகளில் அவை இருக்கின்றன.

ஒன்று, விவரிப்பு. நாற்பதாம் நம்பர் நூல் என்று விற்றால் நாற்பதாம் நம்பர் நூலே வர வேண்டும். விரலி மஞ்சள் என்று விற்றுவிட்டுக் கிழங்கு மஞ்சளைக் கலந்து அனுப்பக் கூடாது. இரண்டு, பயன்பாடு. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, அந்தச் சரக்கையே தொழிலாகக் கொண்டவரின் திறமையை நம்பி வாங்கினால், அது அந்த வேலைக்கு உதவ வேண்டும். மூன்று, விற்பனைத் தரம். அந்தப் பெயருள்ள சரக்கு என்று சந்தையில் விற்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஆனால் நீங்களே முன்கூட்டிச் சோதித்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிறகு காரணமாகக் காட்ட முடியாது. நான்கு, மாதிரி. மஞ்சளானாலும் துணியானாலும் மாதிரி பார்த்து விலை பேசும் ஊர் இது. மொத்தச் சரக்கும் மாதிரியின் தரத்தோடு ஒத்துப்போக வேண்டும்; இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு வாய்ப்புத் தர வேண்டும்; மாதிரியைச் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத மறைகுறையும் சரக்கில் இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிக்குப் பின்னால் நெசவுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வழக்கு இருக்கிறது. 1887இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்தது. கோட்டுத் துணிக்காக வணிகர்கள் மாதிரி கொடுத்து ஒரு கம்பளித் துணி ஆலையில் ஆர்டர் செய்தார்கள். வந்த துணி மாதிரியைப் போலவே இருந்தது. ஆனால் பாவும் ஊடையும் போதிய பிடிப்பில்லாமல் நழுவின. கோட்டாகத் தைத்து உடுத்தினால் தாங்காது. அந்தக் குறை மாதிரியிலும் இருந்தது. கையில் வைத்துப் பார்த்தால் தெரியாத குறை. "மாதிரிப்படிதானே கொடுத்தோம்" என்றது ஆலை. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாதாரணச் சோதனையில் கண்ணுக்குத் தெரியும் தரத்துக்குத்தான் மாதிரி பேசும். அதற்குள் ஒளிந்திருக்கும் குறைக்கு வாங்குபவர் சம்மதம் தந்ததாக ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

அடுத்தது அளவு. 37ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. பேசியதைவிடக் குறைவாக வந்தால் முழுவதையும் மறுக்கலாம். ஏற்றால் ஒப்பந்த விலைப்படி அந்த அளவுக்குப் பணம் தர வேண்டும். கூடுதலாக வந்தால், பேசிய அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மறுக்கலாம், அல்லது எல்லாவற்றையும் மறுக்கலாம். வேறு வகைச் சரக்குக் கலந்து வந்தால், பேசிய வகையை எடுத்துக்கொண்டு மற்றதை மறுக்கலாம், அல்லது முழுவதையும் மறுக்கலாம். இவை எல்லாம் அந்தந்தத் தொழிலின் வழக்கத்துக்கும் இருவருக்கும் இடையிலான உடன்பாட்டுக்கும் உட்பட்டவை.

கடுமையான உரிமை, கவனமான கை

இந்த உரிமை எவ்வளவு கடுமையாகப் பாயும் என்பதற்கு இரண்டு வழக்குகள். 1921இல் ஆஸ்திரேலியப் பழ டின்கள் பற்றி ஒன்று. ஒரு பெட்டிக்கு 30 டின் என்று ஒப்பந்தம். மொத்த டின் எண்ணிக்கை சரியாகவே வந்தது. ஆனால் ஏறக்குறையப் பாதிப் பெட்டிகளில் 24 டின்கள் இருந்தன. பெட்டியில் எத்தனை என்பதும் சரக்கின் விவரிப்பில் அடங்கும், வாங்கியவர் முழுவதையும் மறுக்கலாம் என்றது நீதிமன்றம். இன்னொன்று 1933இல். சிமென்ட் பீப்பாய் செய்ய அரை அங்குலத் தடிமனில் மரச்சட்டம் கேட்டார்கள். வந்தவற்றில் பெரும்பாலானவை பதினாறில் ஒன்பது பங்கு அங்குலம் வரை தடித்திருந்தன. பீப்பாய் செய்ய எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் மறுப்புச் செல்லும் என்று பிரபுக்கள் சபை தீர்த்தது. அரை அங்குலம் என்று எழுதிவிட்டால் ஏறத்தாழ அரை அங்குலம் என்று பொருள் கொள்ள முடியாது. தாராளம் வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

எள்ளளவு வேறுபாட்டைச் சட்டம் பொருட்படுத்தாது என்பதற்கும் வழக்கு உண்டு. 1912இல், 4,950 டன் கோதுமைக்கு மேல் 55 பவுண்டு கூடுதலாக வந்தது என்று சொல்லி மறுத்தார்கள். அந்தக் கூடுதலுக்கு விற்பவர் காசும் கேட்கவில்லை. நீதிமன்றம் மறுப்பை ஏற்கவில்லை.

இங்கே ஒன்றைத் திறந்த மனத்தோடு பேச வேண்டும். மரச்சட்ட வழக்கில் மறுப்புக்குப் பின்னால் சந்தை விலை இறங்கியிருந்தது. விலை இறங்கும்போது சிலருக்குச் சரக்கில் திடீரென்று குறை தெரியத் தொடங்கும். இது எல்லாச் சந்தையிலும் உள்ள நோய். மீறல் மிகச் சிறிதாக இருந்தால் வணிகர்கள் மறுக்கக் கூடாது என்று இங்கிலாந்து 1994இல் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. நம் சட்டத்தில் அப்படி ஒரு திருத்தம் இல்லை. அதனால் விற்பவர்களுக்கு என் வேண்டுகோள்: துணியின் எடை (ஜிஎஸ்எம்) எவ்வளவு கூடலாம் குறையலாம், நிறம் எவ்வளவு மாறலாம், ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம் என்று ஆர்டர் படிவத்தில் எழுதி வாங்குங்கள். வாங்குபவர்களுக்கு என் வேண்டுகோள்: சட்டம் இடம் தருகிறது என்பதற்காக, விலை இறங்கிய வருத்தத்தை அரை அங்குலத்தின் தலையில் ஏற்றாதீர்கள். இன்று உங்களிடம் அடிபட்டவர் நாளை விலை ஏறும்போது உங்களுக்குச் சரக்குத் தர மாட்டார்.

உரிமை எப்படிப் போகிறது?

மறுக்கும் உரிமை மூன்று வழிகளில் போகும். 42ஆம் பிரிவு அவற்றை வரிசையாகச் சொல்கிறது. ஏற்றுக்கொண்டேன் என்று நீங்களே விற்பவருக்குத் தெரிவித்தால் போகும். விற்பவரின் உடைமை என்ற நிலைக்கு ஒவ்வாத எதையாவது அந்தச் சரக்கில் செய்தால் போகும். மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலம் கடந்தும் வைத்திருந்தால் போகும்.

இரண்டாவதைக் கவனியுங்கள். காடாத் துணியைச் சாயத்துக்கு அனுப்புவது, கட்டிங்குக்குக் கொடுப்பது, மஞ்சளை அரைவைக்குப் போடுவது, வேறொருவருக்கு விற்று வண்டியேற்றுவது எல்லாம் உடையவர் மட்டும் செய்யும் காரியங்கள். சோதனைக்காக ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவது நியாயமான சோதனைக்குள் அடங்கும். நூறு பீஸ் தைத்துப் பார்ப்பது அடங்காது.

1923இல் கோதுமை பற்றி வந்த ஒரு தீர்ப்பு இந்த விதியின் கூர்மையைக் காட்டும். கப்பலில் வந்த கோதுமையை வாங்கியவர்கள், அதில் ஒரு பகுதியைத் தங்களிடம் வாங்கியவர்களுக்கு உடனே அனுப்பிவிட்டார்கள். ஓரிரு நாளில் குறை தெரிந்து மறுத்தார்கள். சோதிக்க உரிய காலம் இன்னும் முடிந்திருக்கவில்லை. ஆனாலும் வேறொருவருக்கு அனுப்பியது ஏற்பாகிவிட்டது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது வணிகருக்குக் கடுமையாக இருக்கிறது என்று உணர்ந்து இங்கிலாந்து 1967இல் திருத்தம் செய்தது. நம் 42ஆம் பிரிவு பழைய சொற்களோடுதான் இருக்கிறது. ஆகவே லாரியிலிருந்து இறக்காமலே அடுத்த ஊருக்கு அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள், கைமாற்றும் முன் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, காலம். எத்தனை நாள் என்று இந்தச் சட்டம் எண் சொல்லவில்லை. நியாயமான காலம் எது என்பதை அந்தந்தச் சூழ்நிலையை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது 63ஆம் பிரிவு. கோயம்பேட்டில் இறங்கும் தக்காளிக்கு அது சில மணி நேரமாக இருக்கலாம். நிறுவி ஓட்டிப் பார்க்க வேண்டிய ஒரு தறிக்குச் சில வாரங்களாக இருக்கலாம். ஆனால் பணம் கேட்டு வரும்வரை என்பது எந்தச் சரக்குக்கும் நியாயமான காலம் ஆகாது.

மறுத்த பிறகு

சரி, உரிய நேரத்தில் மறுத்துவிட்டீர்கள். சரக்கைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது? பலரும் வாங்கியவர்தான் வண்டி வைத்து அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறார்கள். 43ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. மறுக்கும் உரிமை உள்ளவர் நியாயமாக மறுத்துவிட்டால், வேறு உடன்பாடு இல்லாதபோது, சரக்கைத் திருப்பி அனுப்ப அவர் கடமைப்பட்டவர் அல்ல. ஏற்க மறுக்கிறேன் என்று விற்பவருக்குத் தெரிவித்தால் போதும். வந்து எடுத்துச் செல்வது விற்பவரின் பொறுப்பு.

ஆனால் இங்கேதான் கடமை தொடங்குகிறது. நீங்கள் மறுத்த சரக்கு இப்போது உங்கள் கூரையின் கீழ் இருக்கும் அடுத்தவர் பொருள். மழையில் நனைய விடக் கூடாது. எலி கடிக்க விடக் கூடாது. மற்றச் சரக்கோடு கலக்கக் கூடாது. தம் பொருளை ஒரு சாதாரண அறிவுள்ளவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆகும் நியாயமான கிடங்குச் செலவை இழப்பீட்டோடு சேர்த்துக் கேட்கலாம். ஆனால் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வரும்வரை சரக்கை விட மாட்டேன் என்று பிடித்து வைக்கக் கூடாது. பணத்தைக் கேட்டு வாங்க வழக்கு இருக்கிறது. சரக்கைப் பிணையாக வைக்க உரிமை இல்லை என்று ஆங்கிலேய நீதிமன்றம் 1923இலேயே சொல்லியிருக்கிறது.

அழுகும் சரக்காக இருந்தால்? விற்பவருக்கு உடனே சொல்லி, "உங்கள் கணக்கில் விற்றுத் தரட்டுமா?" என்று எழுத்தில் கேளுங்கள். சம்மதம் வந்தபின் விற்று, வந்த பணத்துக்குக் கணக்குக் காட்டுங்கள். கேட்காமல் நீங்களாக விற்றால் அது ஏற்பாகத் திரும்பிவிடும் அபாயம் இருக்கிறது. அமெரிக்காவின் வணிகச் சட்டத் தொகுப்பு, அழுகக்கூடிய சரக்கை மறுத்த வணிகர், விற்பவரின் ஆளோ கிளையோ அந்த ஊரில் இல்லையென்றால், அவர் சார்பில் நியாயமாக விற்றுத் தர முயல வேண்டும் என்றே கடமையாக்கியிருக்கிறது. நம் சட்டத்தில் அப்படிப் பிரிவு இல்லாவிட்டாலும், வணிக நாணயத்துக்கு அது பொருந்தும்.

பாதியை எடுத்துப் பாதியை மறுப்பது

நூறு பேல் துணியில் எண்பது நன்றாக இருக்கிறது, இருபதில் கோடு. எண்பதை எடுத்துக்கொண்டு இருபதைத் திருப்பினால் என்ன என்று தோன்றும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 13ஆம் பிரிவின்படி, பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தத்தில் சரக்கின் ஒரு பகுதியை ஏற்றுவிட்டால், வேறு விதமாக ஒப்பந்தத்தில் சொல்லியிருந்தாலொழிய, மறுக்கும் உரிமை போய்விடும். இழப்பீடு கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். அளவு கூடி வந்தாலோ வேறு வகைச் சரக்குக் கலந்து வந்தாலோதான் 37ஆம் பிரிவு பிரித்தெடுக்க விடுகிறது. ஆகவே நல்ல எண்பதில் கை வைக்கும் முன், இருபதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மறுக்கும் உரிமை போய்விட்டாலும் எல்லாம் போய்விட்டதாக ஆகாது. குறையுள்ள சரக்கை வைத்துக்கொண்டு, குறையின் அளவுக்கு விலையைக் கழித்துக்கொள்ளவும், மேற்கொண்டு நட்டம் இருந்தால் அதற்கு வழக்குப் போடவும் 59ஆம் பிரிவு இடம் தருகிறது. பல நேரங்களில் இதுவே இருவருக்கும் நல்ல வழி. விலையில் கொஞ்சம் தள்ளுபடி, ஒரு கிரெடிட் நோட்டு, உறவு கெடாமல் அடுத்த லோடு. ஜிஎஸ்டி கணக்கிலும் இதற்கு இடம் இருக்கிறது. சரக்குத் திரும்பினாலும் விலை குறைந்தாலும் விற்பவர் கிரெடிட் நோட்டுப் போட்டு, தம் வரியைச் சரிசெய்துகொள்ளலாம். நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30க்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். பேச்சை இழுத்துக்கொண்டே போனால் வரியும் நட்டமாகும்.

தவறாக மறுத்தால் பொறுப்பு உங்கள் தலையில் விழும். காரணமில்லாமல் ஏற்க மறுத்தவர்மேல் 56ஆம் பிரிவின்படி விற்பவர் இழப்பீடு கேட்கலாம். எடுத்துக்கொள்ளச் சொல்லியும் நியாயமான காலத்தில் எடுக்காதவர், அதனால் வரும் நட்டத்தையும் சரக்கைப் பார்த்துக்கொண்ட செலவையும் தர வேண்டும் என்கிறது 44ஆம் பிரிவு.

தறிக்காரரின் 15 நாள்

இப்போது நான் மிகவும் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். விற்பவர் ஒரு குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், நியாயமான காலம் என்ற தெளிவற்ற அளவுக்குப் பக்கத்தில் ஒரு திட்டமான எண் வந்து நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்வது இது: சரக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொண்டு பணத்துக்கான கெடு ஓடத் தொடங்கும். எழுத்தில் ஆட்சேபம் சொன்னால், விற்பவர் அந்தக் குறையை நீக்கிய நாளிலிருந்து கெடு தொடங்கும். எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. கடந்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். விற்பவர் மாநிலத்தின் வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். குழுவின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

இது ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? பத்துத் தறி வைத்திருப்பவர் நூலைக் கடனில் வாங்கியிருக்கிறார். வாரக் கடைசியில் கூலி கொடுக்க வேண்டும். துணியில் குறை இருந்தால் அதை முதல் வாரமே சொன்னால், எந்தத் தறியில் கோடு விழுந்தது என்று பார்த்து அடுத்த பீஸையாவது காப்பாற்றுவார். மூன்று மாதம் கழித்துச் சொன்னால், அதே குறையோடு இன்னும் எத்தனையோ மீட்டர் நெய்து முடித்திருப்பார். காலம் கடந்து சொல்லப்படும் உண்மையால் அவர் எதையும் திருத்த முடியாது.

கடைக்கு வரும் நுகர்வோர்

வாங்கியவர் வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவராக இருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அவருக்குத் துணை வரும். 2020 ஜூலை 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஆகவே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பது, குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை உங்களைக் காப்பாற்றாது. இணையத்தில் விற்பவர்களுக்கு 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன: குறையுள்ளது, போலியானது, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாதது, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தது ஆகியவற்றைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் நுகர்வோர் முறையிடலாம்.

மறுவிற்பனைக்கு வாங்கும் வணிகர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார். உங்களுக்கு 1930ஆம் ஆண்டுச் சட்டமும் உங்கள் சொந்த ஆவணங்களுமே துணை.

செய்ய வேண்டியவை

ஆவணங்கள் என்றேன். அதைப் பற்றிச் சில சொற்கள். சரக்கு வந்த அன்றே அல்லது மறுநாளே பிரித்துப் பாருங்கள். எத்தனை மூட்டையைப் பிரித்தீர்கள், யார் பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பேசி முடித்த மாதிரியை இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். குறை தெரிந்தால் பில் எண், தேதி, எந்தெந்த மூட்டை, என்ன குறை என்று பிரித்து எழுதி, "இந்தச் சரக்கை ஏற்க மறுக்கிறேன், இன்ன நாளுக்குள் எடுத்துச் செல்லவும்" என்று தெளிவாக முடியுங்கள். "சரக்கு சுமார்தான், பார்த்துச் செய்யுங்கள்" என்பது மறுப்பு ஆகாது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பில், சொல்லியிருந்தால் விற்பவர் சரிசெய்திருக்கக்கூடிய குறையை முதலிலேயே சொல்லாத வாங்குநர், பின்னால் அந்தக் குறையை வைத்து மறுப்பை நியாயப்படுத்த முடியாது. திருப்பூரிலிருந்து ஏற்றுமதி செய்யும் நண்பர்கள் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் செல்லும். ஆனால் அதை அழித்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும். பாதுகாப்புக்காக அந்தச் செய்தியையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். பெரிய தொகை என்றால் விரைவுத் தபாலிலும் ஒரு பிரதி போகட்டும்.

விற்பவர்களும் ஒன்று செய்யலாம். சரக்கை அனுப்பிய மூன்றாம் நாள், பணம் கேட்கும் முன், "சரக்கைப் பார்த்தீர்களா, குறை எதுவும் இருக்கிறதா?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் குறையைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பதில் வராவிட்டால், நீங்கள் கேட்டும் அவர் பேசாமல் இருந்தார் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி சொல்லும்.

பெருமக்களே, நீதிமன்றத்துக்குப் போகாமலே தீரக்கூடியவை சரக்குத் தகராறுகள். அவை பெருகுவதற்குக் காரணம் குறையுள்ள சரக்கு மட்டும் அல்ல. குறையைக் கண்டவர் சொல்லாமல் விடுவதும், சொல்ல வேண்டியதைப் பணம் கேட்கும் நாளுக்காகச் சேமித்து வைப்பதும்தான் சிறு குறையைப் பெரும் பகையாக்குகின்றன. இந்தச் சங்கம் ஒரு முடிவு எடுக்கலாம். சரக்கு வந்த ஏழு நாளுக்குள் பார்த்து, ஏற்பு அல்லது மறுப்பை எழுத்தில் தெரிவிப்பது என்று உறுப்பினர்கள் எல்லோரும் உறுதி கொள்ளலாம். அதற்கு ஒரு பொதுப் படிவத்தை அச்சடித்துக் கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், அரசின் அனுமதியும் வேண்டாம். வாங்குபவரின் உரிமை அதனால் உறுதிப்படும். தறிக்காரருக்குத் தம் பணம் எந்த நாளில் வரும் என்று தெரியும். அந்தத் தீர்மானத்தை இந்த மேடையிலேயே முன்மொழியும்படி அவைத்தலைவரைக் கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.